யோகமலர் சொன்ன ஆட்டம்

உதைபந்தாட்டத்தைப் பற்றி யோகமலருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பந்து வலைக்குள் போனால் சனம் கத்தும். அறுபத்தொரு வயது வரைக்கும் அந்த அறிவே அவளுக்குத் தாராளமாகப் போதுமாக இருந்தது. ரொறன்ரோவின் மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸ், வேலைக்குப் போகிற ஒரு மகள், வயோதிபர் இல்லமொன்றின் சமையலறையில் பதினாறு வருட வேலை. புருஷன் கண்மூடி ஐந்து வருடம். போன ஆவணி மாதம் அந்த ஃபோன் வந்திராவிட்டால் அவள் இவ்வளவோடு தன்பாட்டில் இருந்திருப்பாள்.

எடுத்தவன் தம்பி மகேஸ்வரன், வட இங்கிலாந்திலிருந்து. ஒன்பது வருடத்துக்குப் பிறகு எடுக்கிறவன் சுகமோ, சாப்பிட்டீங்களோ என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை.

“அக்கா, நாளைக்கு எங்கட ரீமின்ர மச்சை உங்க ரீவியில காட்டுவாங்களோ?”

யோகமலர் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினாள். “எனக்குத் தெரியாது தம்பி. பிள்ளையைக் கேட்டுச் சொல்லுறன்” என்றாள்.

காட்டுவார்கள் என்று மகள் அட்சயா சொன்னாள். அங்கேதான் காட்டமாட்டார்களாம். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி ஆட்டத்தை இங்கிலாந்து ரீவியில் காட்டுவதற்குத் தடை. சனம் வீட்டில் குந்திவிட்டால் மைதானத்துக்கு யார் வருவது என்று பயம். பந்து உதைக்கிற ஊரில் பார்க்க முடியாது. ரொறன்ரோவில் காலை பத்து மணிக்குத் தேத்தண்ணியோடு இருந்து பார்க்கலாம். நல்ல ஞாயம்தான்.

மகேஸ்வரன் வீட்டிலிருந்து மைதானம் பத்து நிமிட நடை. ஆட்கள் கத்துவது ஜன்னலால் கேட்கும். இருபது வருடம் வெயில் மழை பாராமல் நடந்து போனவன். அந்த வருடம் ஆடியில் சலரோகம் அவனுடைய வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டது. இருதயமும் பழுது. முன்னறையில் கட்டிலைப் போட்டு மனைவி அருள்மலர் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இல்லை. இதெல்லாம் மூன்றாம் ஆள் மூலம் யோகமலருக்குத் தெரியும். ஃபோன் எடுக்கத்தான் முகம் இல்லாமல் இருந்தது.

முகம் இல்லாமல் போனதற்கு அவளைத்தான் குறை சொல்ல வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் அம்மா இங்கே, இவள் வீட்டில்தான் கண்ணை மூடினார். மகேஸ்வரன் ஒரே மகன், கொள்ளி வைக்க வேண்டியவன். “வெளிக்கிட்டிட்டன் அக்கா, நான் வருமட்டும் வச்சிருங்கோ” என்று விமான நிலையத்தில் நின்று கெஞ்சினான். அதற்குள் இங்கே சொந்தம் கூடிவிட்டது. நாளைக்கு லோங் வீக்கெண்ட் தொடங்குது, தகனசாலை பூட்டிவிடுவான், பிறகு நாலு நாள் வைத்திருக்கிறதோ, அட்டமியும் வருகுது என்று ஆளுக்கொரு ஞாயம் சொன்னார்கள். யோகமலர் தலையாட்டிவிட்டாள். பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தார். மகேஸ்வரன் அடுத்த நாள் பின்னேரம் தோளில் பையோடு வாசலில் வந்து நின்றான். சாம்பல் இருந்த பெட்டியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டான்.

அப்படிப்பட்டவன் இப்போது கேட்கிறான், மச் காட்டுவாங்களோ என்று. வேலையில் சனிக்கிழமை அவளுடைய முறை. கூட வேலை செய்கிற ஜோசப்பினிடம் போய் நின்றாள். ஜோசப்பினுக்கு ஞாயிறு பூசை முக்கியம். சனிக்கிழமையை அவள் எடுப்பது, ஞாயிறு முழுவதையும் யோகமலர் எடுப்பது என்று முடிவாயிற்று. அதோடு சனிக்கிழமை பத்து மணிக்கு ரீவிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் வைத்து, யோகமலர் வர்ணனையாளர் ஆனாள்.

“ஒரு நெட்டையன் பந்தை வச்சிருக்கிறான் தம்பி. ஆருக்கும் குடுக்கிறான் இல்லை.”

“நம்பரைச் சொல்லுங்கோ அக்கா.”

“ஒன்பது. இந்தா, விழுந்திட்டான். ஆரும் தொடேல்லை, தானா விழுந்தவன். இப்ப விசில்காரனோட வாய் காட்டுறான்.”

முதல் ஆட்டம் வென்றார்கள். அதைப் பார்த்து யோகமலர் ஏமாந்துபோனாள், இது நல்ல ரீம் என்று. பிறகு புரட்டாசி முழுக்கத் தோல்வி. ஐப்பசியில் ஒன்று சமநிலை. கார்த்திகையில் பயிற்சியாளரைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி நின்று தோற்றார், பழையவர் கையைக் கட்டிக்கொண்டு தோற்றார், வித்தியாசம் அவ்வளவுதான். இருபது ரீமில் கடைசி மூன்றும் கீழ்ப்பிரிவுக்குப் போக வேண்டும் என்பதை யோகமலர் மார்கழியில் அறிந்தாள். தம்பியின் ரீம் பத்தொன்பதாவது இடத்தில் இருந்தது.

அவளுக்கு ரீமைப் பற்றிக் கவலையே இல்லை. அவளுடைய கவலை இடைவேளை. அரைவாசி ஆட்டம் முடிந்ததும் பதினைந்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் அம்மாவின் கதையை எடுக்க வேண்டும், “தம்பி, நான் செய்தது பிழை” என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பஸ்ஸிலேயே சொல்லிப் பழகிவைப்பாள். இடைவேளை வந்ததும் அவன், “தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ அக்கா” என்பான். அவளும் எழும்பிப் போய்க் கேத்தலுக்கு முன்னால் நின்றுவிட்டு வருவாள். வந்து பார்த்தால் பந்து உருளத் தொடங்கியிருக்கும். ஆட்டம் முடிந்ததும் “சரி அக்கா, வைக்கிறன்.” அவ்வளவுதான்.

“மாமாக்கு ரேடியோ இல்லையா?” என்று அட்சயா ஒருநாள் கேட்டாள். “அங்க ரேடியோல ஃபுல் கொமென்ற்றி போகுமே.”

இங்கிலீசு வேகமாகப் பேசுவார்களாக்கும் என்று யோகமலர் சமாளித்தாள். முப்பது வருடம் அங்கே பஸ் ஓட்டினவனுக்கு இங்கிலீசு விளங்காதோ என்று அட்சயா கேட்கவில்லை. தான் ஒரு ரேடியோப் பெட்டிதான் என்று யோகமலர் தனக்குள் முடிவெடுத்திருந்தாள். அக்கா என்று கூப்பிட்டாலும் அவனுக்குத் தேவை ஆட்டம். செய்த வேலைக்கு இது தாராளமாகக் காணும் என்று நினைத்துக்கொண்டாள்.

தையில் அவன் சத்தம் குறைந்தது. மாசியில் வசனத்துக்கு வசனம் மூச்சு வாங்கினான். பங்குனியில் தொடர்ந்து ஆறு தோல்வி. ஒரு சனிக்கிழமை நாலு கோல் வாங்கியபோது யோகமலருக்கு ஐந்தாவதைச் சொல்ல வாய் வரவில்லை. “விட்டிட்டாங்களோ?” என்று அவனே கேட்டான். “ஓம் தம்பி” என்றாள். “பறவாயில்லை, சொல்லுங்கோ. எந்தப் பக்கத்தால வந்தது?” என்றான். சித்திரை கடைசியில், இன்னும் மூன்று ஆட்டம் இருக்கும்போதே, கீழே இறங்குவது உறுதியாகிவிட்டது.

“அம்மா, அவங்க ஆல்ரெடி டவுன். இனி ஏன் பாக்கிறீங்க?” என்றாள் அட்சயா.

அடுத்த சனிக்கிழமையும் சரியாகப் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க ஃபோன் வந்தது. அதற்கு அடுத்ததற்கும் வந்தது. அன்றைக்கு ஆட்டம் முடிந்த பிறகு அவன் உடனே வைக்கவில்லை.

“அடுத்தது கடைசி அக்கா. ஞாயிற்றுக்கிழமை. எங்கட கிரவுண்டிலதான்.”

“கடைசி நாள் உங்கயும் ரீவியில காட்டுவாங்களெண்டு பிள்ளை சொன்னவள். நீயே பாக்கலாம்.”

“ஓம். காட்டுவாங்கள்.” மூச்சு வாங்கினான். “ஞாயிறு உங்களுக்கு வேலை, என்ன?”

“ஓம் தம்பி, ஞாயிறு என்ர முறை.”

“சரி அக்கா” என்றான். வைத்துவிட்டான்.

ஜோசப்பின் நல்ல மனுசி. விஷயத்தைக் கேள்விப்பட்டு, “வேணுமெண்டா நான் சனி பின்னேரப் பூசைக்குப் போறன், நீங்கள் ஞாயிறு வீட்டில நில்லுங்கோ” என்றாள். யோகமலர்தான் வேண்டாம் என்றாள். அங்கே ரீவியில் நல்ல வடிவாகப் போகும்போது, தான் போய் நெட்டையன், மொட்டையன் என்று அலம்பிக்கொண்டிருப்பதை யார் கேட்பது? ரேடியோவுக்கு அன்று லீவு என்று பகிடியும் விட்டாள்.

அந்த ஞாயிறு ஏழு மணிக்கு வேலை தொடங்கி, எண்பது பேருக்கு மதியச் சாப்பாடு கொடுத்து, மூன்று மணிக்கு லொக்கரைத் திறந்தாள். சமையலறைக்குள் ஃபோன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஏழு மிஸ்ட் கோல். எல்லாம் தம்பியின் நம்பர். முதலாவது பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க, ஆட்டம் தொடங்கப் போகிற நேரம். கடைசி, ஆட்டம் முடிகிற நேரம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

லொக்கருக்குப் பக்கத்து வாங்கில் குந்தி, அவனுடைய நம்பருக்குத் திருப்பி எடுத்தாள். அருள்மலர் தூக்கினாள்.

“மச்சாள்…” என்றாள். பிறகு கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது.

அங்கத்தை நேரம் பின்னேரம் ஆறரை மணிக்கு நெஞ்சுநோ வந்ததாம். அம்புலன்ஸ் வந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லையாம். யோகமலர் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது. என்ன கேட்பது என்று தெரியாமல், “மச் பாத்தவனோ?” என்றாள்.

“எங்க பாத்தவர்? நான் ரீவியைப் போட்டன், நிப்பாட்டு எண்டிட்டார். ஜன்னலையும் பூட்டுவிச்சவர், வெளிச் சத்தம் கேக்கக்கூடாதெண்டு. சனிக்கிழமையளிலயும் அப்பிடித்தான் மச்சாள், எல்லாத்தையும் பூட்டிப்போட்டுத்தான் உங்களுக்கு எடுக்கிறவர். அக்கா வேலைக்கு இடையில எடுப்பா, அக்கா சொல்லுவா எண்டு ஃபோனை நெஞ்சில வச்சுக்கொண்டு கிடந்தவர்.”

யோகமலரின் தலையில் இன்னும் சமையலறை வலைத்தொப்பி இருந்தது. அதைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு எடுத்துக் கண்ணை ஒற்றினாள். வலை எதைத்தான் உறிஞ்சும்.

“நான் வாறன் அருள்” என்றாள். “ரிக்கற் பாத்துப்போட்டு வாறன். நாளைக்கு இல்லாட்டி நாளையிண்டைக்கு. எப்ப எடுக்கிறியள்?”

“அதை அவர் ஆவணியிலயே சொல்லிப்போட்டார் மச்சாள். ஒப்பிரேசன் முடிஞ்சு வீட்டை வந்த கையோட, உங்களுக்கு முதல் ஃபோன் எடுக்கிறதுக்கு முதல்நாள். எனக்கு என்ன நடந்தாலும் அக்கா வந்து முகம் பாக்குமட்டும் என்னை எடுக்கக்கூடாது, ஆர் என்ன சொன்னாலும் கேக்காத எண்டவர்.” அருள்மலர் மூக்கைச் சிந்தினாள். “எத்தினை நாளெண்டாலும் வச்சிருப்பம் மச்சாள். நீங்கள் ஆறுதலா வாங்கோ.”