நான் கழற்றிய தாழ்ப்பாள்

சபை என்ற அமைப்பே கர்த்தருக்கு விரோதமானது என்ற உண்மை எனக்கு வெளிப்பட்டது, எங்கள் சர்ச்சை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டித் தேர்தலில் நான் பதினோரு ஓட்டில் தோற்ற அன்று மாலை. அதற்கு முன் ஒரு மாதம் மயிலாப்பூர் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி, கண்ட முகத்துக்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லி ஓட்டுக் கேட்டபோது அது வெளிப்படவில்லை. ஜெயித்தவர் ஓட்டுக்காக பிரியாணி போட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நானும் போட்டேன்தான். என் பிரியாணியில் கறி குறைவு என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இது அறுபதுகளின் கடைசியில். என்னைப் போலவே வெவ்வேறு சபைகளில் மனம் நொந்திருந்த ஏழு பேர் என்னோடு சேர்ந்தார்கள். ஒரு கல்லூரிப் பேராசிரியர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி, ஒரு நர்ஸ், தேனாம்பேட்டையில் என் ஆபீசில் வேலை பார்த்த இரண்டு குமாஸ்தாக்கள், அவர்கள் மனைவிமார். மந்தைவெளியில் என் வாடகை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஞாயிறு காலைகளில் வட்டமாக உட்கார்ந்தோம். பிஷப் கிடையாது, போதகர் கிடையாது, கமிட்டி கிடையாது, ஓட்டு கிடையவே கிடையாது. மலைப்பிரசங்கம் ஒன்றே சட்டம். அரசாங்கம், கோர்ட்டு, போலீஸ், பட்டாளம் எல்லாமே மனிதன் மனிதனை மிரட்டுவதற்குச் செய்துகொண்ட ஏற்பாடு, கர்த்தரைத் தவிர நமக்கு எஜமான் இல்லை என்று முழங்கினோம். எங்களில் பாதிப் பேர் அரசாங்கச் சம்பளமோ பென்ஷனோ வாங்கியவர்கள். அதை யாரும் கிளறவில்லை.

என் மனைவி வட்டத்தில் உட்காரவில்லை. எஜமான் இல்லாத எட்டுப் பேருக்கும் யாராவது சமைக்க வேண்டுமே.

யாரை ஆவியானவர் ஏவுகிறாரோ அவர் பேசலாம் என்பது எங்கள் முறை. ஆரம்பிப்பதில் கஷ்டமே இல்லை. பேராசிரியர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஏவப்பட்டுத்தான் வருவார். முடிப்பதுதான் பெரும்பாடு. முடிக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. 'முடித்துக்கொள்ளலாமா?' என்று கேட்டால்கூட அது தலைமை தாங்குவதாகிவிடும். திருவிருந்துக்கு வைத்த பன்னை யார் முதலில் பிட்பது என்று ஒருவரையொருவர் தாழ்மையோடு பார்த்துக்கொண்டே இருப்போம். பன் காய்ந்து வறட்டியாகும். அடுக்களையில் என் மனைவி கறியைத் தாளிக்கும் வாசனை வந்த பிறகுதான் எல்லோரும் ஒரே சமயத்தில் ஏவப்பட்டு எழுந்திருப்போம்.

இப்படி நாலைந்து வருடம் ஓடியது. ஒரு ஞாயிறன்று பேராசிரியர் புதிதாக ஒன்று சொன்னார். உலகத்தின் முதல் அரசாங்கம் கதவின் தாழ்ப்பாள்தானாம். உள்ளே இருப்பவன் யார், வெளியே நிற்பவன் யார் என்று அது தீர்ப்புச் சொல்கிறதாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அங்கேயே எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து வாசல் கதவின் தாழ்ப்பாளை நாலு திருகாணியோடும் கழற்றிவிட்டேன். 'இன்று முதல் இது யாருடைய வீடும் அல்ல, கர்த்தருடைய வீடு' என்றேன். நர்ஸ் அழுதேவிட்டார். தங்கள் வீட்டுத் தாழ்ப்பாளையும் கழற்றப் போவதாக மற்ற எல்லோரும் சொன்னார்கள். ஒருவருக்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, ஒருவருக்குத் தேக்குக் கதவு பாழாகும், பேராசிரியர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எதிர்வீட்டு மாமா என்னைத் தெருவிலேயே மடக்கினார். “என்ன சார், ஆத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளே வேண்டாம்னு கழட்டிட்டேளாமே? திருடனுக்கு லெட்டரும் போட்டுட்டேளா?”

என் மனைவி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவள் சண்டை போடவில்லை. “கழத்தியாச்சு, சரி. திருடன் வந்தா நீங்க எந்திரிச்சி ஸ்தோத்திரம் சொல்லுங்க. நான் கதவுக்கு அம்மிக்குழவிய முட்டுக்கொடுத்து வைக்கேன்” என்றாள். எங்கள் எஜமானில்லாத ராஜ்யம் இரவில் அம்மிக்குழவியின் ஆட்சியில் இருந்தது.

எங்கள் தெருவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த ஒருத்தி இருந்தாள். அடையாற்றுக் கரைக் குடிசை, கணவன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள், ஒரு ஆடு. எங்கள் வீட்டு வேலை முடிந்ததும் சில ஞாயிறுகளில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வட்டத்தின் ஓரத்தில் வந்து உட்காருவாள். எங்களுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. வெளியார் யாராவது வந்தால் முதலில் அவளைத்தான் காட்டுவோம். இங்கே சார் கிடையாது, எல்லோரும் அண்ணன் தங்கைதான் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டாள். ஞாயிறு “அண்ணே”, திங்கள் முதல் “சார்.” நானும் திருத்தவில்லை. வேலை நாளில் சார் என்று கூப்பிடுவது ஒரு வகையில் சௌகரியமாகவும் இருந்தது.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தால், கூடத்தில் அவள். பெரிய பெண் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னது எங்கள் ஜெபப் பாயில் சுருண்டு கிடந்தது. ஆடு மூலையில் நின்று பாயின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

“கதவு தொறந்துகினு இருந்துச்சி அண்ணே” என்றாள். சனிக்கிழமைதான், ஆனாலும் அண்ணே என்றாள். “குட்சைய ஆத்துத் தண்ணி இஸ்துகினு பூட்ச்சி. சின்னதுக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்கிது. நீங்கதான சொன்னீங்கோ, இது யாரு வூடும் இல்ல, கர்த்தரு வூடுன்னு. தண்ணி வடியற வரிக்கும் இங்க இருந்துக்கறோம்.”

என் மனைவி ஏற்கெனவே கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். நான் “இரும்மா, இரு” என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. அது மறுநாள் காலை வரை தாங்கியது.

ஞாயிறன்று ஏழு பேரும் குடையோடு வந்தார்கள். பாய் ஈரம், கூடத்தில் ஆட்டு வாடை, நடுவில் காய்ச்சல்காரக் குழந்தை. மிச்சமிருந்த இடத்தில் நெருக்கியடித்து அரை வட்டமாக உட்கார்ந்தோம். இவர்களை என்ன செய்வது என்பது கேள்வி. ஓட்டுப் போட முடியாது, ஆகவே காத்திருந்தோம். பிறகு ஒவ்வொருவராக ஏவப்பட்டோம். அவள் காதில் விழுந்து மனம் வருந்தக் கூடாதே என்று இங்கிலீஷில் ஏவப்பட்டோம்.

தனி மனிதர் செய்யும் உதவி வாங்குபவனை அடிமையாக்கிவிடும் என்றார் பேராசிரியர். காய்ச்சல் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார் நர்ஸ். ரயில்வே அதிகாரி வீட்டுத் தோட்டத்தில் ஒரு காலி அறை இருந்தது, ஆனால் அதில் மகனுடைய ஸ்கூட்டர் நிற்கிறதாம். குமாஸ்தாக்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள், அவர்கள் மனைவிமார் ஆட்டைப் பார்த்தார்கள். கடைசியில் ரயில்வே அதிகாரிதான் வழி கண்டுபிடித்தார். வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக சர்ச் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்களாம், கஞ்சி ஊற்றுகிறார்களாம். எந்த சர்ச்? நாங்கள் எதை அந்திக்கிறிஸ்துவின் ஆபீஸ் என்று வருடக்கணக்கில் திட்டினோமோ, அதே சர்ச். “ஸ்தோத்திரம்!” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எங்கள் கூட்டத்தில் முதன்முதலாக எல்லோரும் ஒருமனப்பட்டது அன்றுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. 'இருக்கட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் இது என் வீடு அல்ல என்று அறிவித்தவன் நான், ஆகையால் இதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. எழுந்து போய் அவளிடம் நானே சொன்னேன். “அங்கே டாக்டர் வருவார்மா. உனக்கும் வசதி.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் பதிலுக்கு ஏதாவது கிடைத்திருக்கும். மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டே, “தாப்பா போட்டு வெச்சிருந்தா, நாங்க பாட்டுக்கு நேரா அங்கியே பூட்ருப்போமே அண்ணே” என்றாள்.

என் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் இருந்த கஞ்சி டம்ளரை என் காலடியில் வைத்தாள். கட்டில் மேல் கிடந்த பெட்ஷீட்டை எடுத்து சின்னதைச் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டாள். வாசலில் குடையை விரித்தவள் திரும்பி, “கூட்டம் முடிஞ்சிது. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போங்க” என்றாள். எங்கள் கூட்டத்தை ஒருவர் முறையாக முடித்து வைத்தது அது ஒரு தரம்தான். மறுபேச்சில்லாமல் எல்லோரும் போனார்கள்.

அன்று மத்தியானம் டிரங்குப் பெட்டியில் தேடித் தாழ்ப்பாளை எடுத்தேன். திருகாணி மூன்றுதான் கிடைத்தது. மூன்றையும் முடுக்கினேன், பிடித்துக்கொண்டது. என் மனைவி சாயங்காலம் திரும்பி வந்து அதைப் பார்த்தாள். பிறகு ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள், என்னைப் பதினோரு ஓட்டில் தோற்கடித்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுகிறாராம்.

“அடுத்த தேர்தலுக்காக ஊற்றுகிறான்” என்றேன்.

“எதுக்கு ஊத்துனா என்ன? பிள்ளைக குடிக்குதுல்லா” என்றாள்.

அடுத்த ஞாயிறிலிருந்து என் மனைவி சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தாள். எங்கள் கூட்டம் தாளிப்பு வாசனை இல்லாமல், முடிக்க வழி தெரியாமல் நீண்டது. மூன்று வாரம் கழித்து, பேராசிரியர் அதிகாரம் என்பது எத்தனை நுட்பமாக மனிதனுக்குள் நுழைகிறது என்று ஏவப்பட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ கதவைத் தட்டினார்கள். நான்தான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.

பாத்திரம் தேய்த்தவள் படிக்குக் கீழே நின்றிருந்தாள். கையில் எங்கள் பெட்ஷீட், துவைத்து நாலாக மடித்திருந்தது. சின்னதும் கூட நின்றது. காய்ச்சல் விட்டு, முகம் தெளிந்திருந்தது.

“அக்கா இல்லீங்களா? பெட்சீட்டு குட்த்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“உள்ளே வாம்மா. வந்து உட்கார்” என்றேன். உண்மையாகவே கெஞ்சினேன்.

அவள் என் தோளுக்கு மேலே எட்டி வட்டத்தைப் பார்த்தாள். அங்கே ஒருவரும் தலையைத் தூக்கவில்லை.

“வோணாம் சார். கூட்டம் நடந்துகினு கீது. நீங்க போங்க சார்” என்று சொல்லிப் பெட்ஷீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை.