இடப்பக்கம் வந்த குதிரை

முதல் அறிகுறி ஒரு சத்தம். காரின் இடப்பக்கக் கதவில் வேலிச்செடிகள் சரசரவென்று உரசிக்கொண்டு போயின. அன்று நாங்கள் மூவரும் அதைக் கேட்டுச் சிரித்தோம்.

அது ஒக்டோபர் மாதம். என் தங்கை ரெஜி இங்கிலாந்தில் இருக்கிறாள். இத்தாலியின் பலேர்மோ நகரில் வீட்டுவேலை, முதியோர் பராமரிப்பு என்று இருபது வருடம் ஓடியபின், நானும் கணவர் அன்ரனும் முதன்முறையாக அவளைப் பார்க்கப் போயிருந்தோம். இலையுதிர் காலத்தில் நாட்டுப்புறத்தைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். வாடகைக்குக் கார் எடுத்தோம். ஓட்டியது அன்ரன். பலேர்மோவின் லிபெர்த்தா வீதியில் ஒரு முதிய வழக்கறிஞருக்கு அவர்தான் சாரதி. தான் இருக்கும்போது இன்னொருவர் ஓட்டுவதை அவரால் பொறுக்க முடியாது.

அழகைக் குறை சொல்ல முடியாது. ஒடுங்கிய பாதை, இரு பக்கமும் ஆளுயர வேலி, அதற்கு மேலே செம்பு நிற மரங்கள். ஈரப் புல்லில் செம்மறிகள். வெயில் வருவதும் மறைவதுமாக இருந்தது. நான் படம் எடுத்துத் தள்ளினேன். இப்போது அந்தப் படங்களைத் திறப்பதில்லை.

வேலி மறுபடியும் உரசியது. பிறகும் உரசியது.

"அத்தான், இடப்பக்கம் ஓடவேணும் எண்டதுக்காக வேலிக்குள்ளையே ஓடுறது?" என்றாள் ரெஜி பின்சீட்டிலிருந்து.

"இருபது வருசமா வலப்பக்கம் ஓடின கை. உடனை திருந்துமே?" என்றார் அவர்.

அந்த விளக்கம் எங்களுக்குப் போதுமாக இருந்தது. இத்தாலியிலிருந்து போகிற எங்கள் ஆட்கள் எல்லாரும் முதல் நாள் அங்கே அப்படித்தான் தடுமாறுவார்கள். அதைச் சொல்லிச் சிரிப்பது எங்களுக்கு வழக்கம்.

ஒரு வளைவில் ரெஜி அலறினாள். அன்ரன் பிரேக்கை அமத்தினார். இடப்பக்கக் கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பெரிய குதிரை மிரண்டு நின்றது. அதன் மேலிருந்த பெண் வெளிறிப்போயிருந்தாள். எங்களைக் கடுமையாக ஏதோ ஏசிவிட்டுப் போனாள்.

"என்ரை ஆண்டவரே! குதிரை வந்ததைக் காணேல்லையோ அத்தான்?"

"எந்தக் குதிரை?"

அவர் பெரிய பகிடிக்காரர். இதுவும் பகிடி என்று நினைத்தோம்.

அன்று பின்னேரம் அவருடைய தட்டில் இடப் பாதிச் சோறு தொடப்படாமல் கிடந்தது. தங்கையின் கறி பிடிக்காமல் ஒதுக்குகிறாராக்கும் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வெட்கமாக இருந்தாலும் இதையும் எழுதத்தான் வேண்டும்.

பலேர்மோவுக்குத் திரும்பியபின் ஒன்பது நாட்கள் அவர் வேலைக்குப் போனார். இடையில் வந்த ஞாயிறு, பங்குக் கோவில் வான் வண்டியில் மறைக்கல்விப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். இங்கிலாந்தில் அவருடைய இடப்பக்கம் இருந்தது வேலி. இங்கே இடப்பக்கம் எதிரே வருகிற அத்தனை வண்டிகளும். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளைக் கோவிலில் காணும்போதெல்லாம் ஒவ்வொரு தலையாக எண்ணிப் பார்ப்பேன்.

அவருக்குத் தலையிடி தொடங்கியது. கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று கண் மருத்துவரிடம் போனோம். அவர் பார்வைப் புலச் சோதனை (நேரே பார்த்தபடி இருக்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது) செய்தார். பிறகு நெடுநேரம் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கே எப்படி வந்தீர்கள்?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

"நான்தான் காரை ஓட்டிவந்தேன்," என்றார் அன்ரன்.

"சாவியை மனைவியிடம் கொடுங்கள். இரண்டு கண்ணிலும் இடப் பாதி தெரியவில்லை. கண்களில் பிழை இல்லை. பிழை அதற்குப் பின்னால், மூளையில். இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்."

அன்ரன் சிரித்தார். "எனக்கு எல்லாம் வடிவாத் தெரியுது," என்று என்னிடம் தமிழில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. இல்லாமல் போன பாதி இருட்டாகத் தெரிவதில்லையாம். அப்படி ஒன்று இருந்த நினைவே இல்லாமல் போய்விடுமாம்.

எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடம்பின் உட்புறத்தைப் படம் எடுப்பது) வலப்பக்க மூளையின் பின்புறத்தில் ஒரு கட்டியைக் காட்டியது. இடப்பக்கம் தெரிவது வலப்பக்க மூளையால்தானாம். கிளையோமா (மூளைத் திசுவிலேயே முளைக்கும் கட்டி) என்றார்கள். ஐந்து மணி நேர அறுவைச் சிகிச்சை. முடிந்ததும் நடைபாதையில் அறுவை மருத்துவரை மறித்து, முழுதும் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்துவிட்டோம்," என்றார். அந்த மறுமொழியை நான் இன்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதே வழியில் நிற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நல்ல காரணம் ஒன்று கையோடு கிடைத்தால் பயப்படுங்கள். பயணக் களைப்பு, வயசு, பழக்கமில்லாத பாதை. எங்களுக்குக் கிடைத்த காரணம் மிகப் பொருத்தமாக இருந்ததால்தான் நாங்கள் மேற்கொண்டு ஒன்றையும் கேட்கவில்லை. அதற்காக என் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

கதிர்ச் சிகிச்சை ஆறு கிழமை. பிறகு மாத்திரைகள். தலைமுடி திட்டுத் திட்டாக வந்தது, பகிடியும் திரும்பி வந்தது. இடப்பக்கம் வரவில்லை. பல்லரோ சந்தைக்கு அவரோடு போனால் நான் இடப்பக்கம் நடப்பேன். கூடைகளும் ஸ்கூட்டர்களும் என்னில் இடிக்கட்டும் என்று. என் தோள் அவருடைய தோளாகிவிட்டது. எங்கள் வருடத்துக்கு இப்போது மாதங்கள் இல்லை. ஒரு மூளைப் படத்திலிருந்து அடுத்த படம் வரைதான் காலம்.

போன கிழமை கடைசிப் படத்தின் அறிக்கையை நான் மட்டும் போய் வாங்கினேன். கைப்பையில் வைத்தபடி அவரோடு சந்தைக்குப் போனேன். மீன்கடைக்கு முன்னால் என்னால் தாங்க முடியவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பின்வாங்கி, அவருக்குத் தெரியாத அந்தப் பாதிக்குள் நின்று அழுதேன். அவர் திரும்பவில்லை. மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கை நிண்டா எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறாய் என்ன?" என்றார். "நீ கதைக்காமல் அந்தப் பக்கம் நிண்டாலே அழுகிறாய் எண்டுதான் அர்த்தம். கடதாசியிலை என்ன போட்டிருக்கு?"

நான் சுற்றிவந்து அவருக்கு வலப்பக்கம் நின்று, ஒன்றையும் விடாமல் வாசித்தேன்.