ஆறு ஆணி

விளாங்குடிக்கு மேற்கே இருந்த மைதானத்தில் பதினோரு வருஷமாகப் பாய் விரித்தவர் தவசி. கிரிக்கெட் ஆடும் இடத்தில் தென்னங்கயிற்றுப் பாயை விறைப்பாக இழுத்து, ஓரமெங்கும் ஆணி அடிப்பது அவர் வேலை. ஊர் சோழவந்தான் பக்கம். அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம்.

1981இல் மாவட்ட அணிகளுக்கு இடையே நாற்பது ஓவர் போட்டி நடந்தது. அரையிறுதிக்குத் திருநெல்வேலி அணி வந்திருந்தது. மதுரைக்கு முதல் தடவையாக ஆடினான் காளை. வேகமாகப் பந்து போடுகிறவன், தவசியின் மைத்துனன். தம்பியின் பெயர் அணியில் வந்த நாளிலிருந்து தவசியின் மனைவி அழகம்மாளுக்கு வேறு பேச்சே இல்லை.

அன்று காலை கிழக்கு முனையில் சரளை தட்டி ஆணிகள் வளைந்துகொண்டே இருந்தன. இன்னும் ஆறு அடிக்க வேண்டும். அதற்குள் கிரிக்கெட் சங்கச் செயலாளர் விஸ்வேஸ்வரன் கூப்பிட்டு, விருந்தினருக்கு நாற்காலி போடச் சொன்னார். சாப்பாட்டு இடைவேளையில் அடித்துக்கொள்ளலாம் என்று போன தவசி, இடைவேளையில் பந்தி பரிமாறப் போய் அதை அடியோடு மறந்துபோனார்.

முதல் பாதி வரை பாய் தாங்கியது. பிற்பகலில் திருநெல்வேலிக்கு முப்பது ரன்னே பாக்கி. ஆறு விக்கெட் கையில். காளை வந்தான். முதல் பந்தில் ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போனது. அடுத்த பந்து திடீரென்று எழும்பிக் கையுறையில் பட்டுப் பிடிபட்டது. கூட்டம் எழுந்து நின்றது. மூன்றாவது பந்து, புதிதாக வந்தவனின் காதை உரசிக்கொண்டு பறந்தது. தலைக்கவசம் யாருக்கும் கிடையாது. அவன் விழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

எல்லைக்கோட்டருகே உட்கார்ந்திருந்த தவசிக்கு, கிழக்கு முனையில், பந்து குத்தும் இடத்தில், பாய் விரல் உயரத்துக்கு உப்பியிருப்பது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டால் ஆட்டம் நம்முடையது, நாளைக்குப் பேப்பரில் காளையின் பெயர் வரும். காளை ஓடத் தொடங்கும் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தான். அந்தப் பையனோ காதைத் தேய்த்துக்கொண்டே மட்டையை ஊன்றினான்.

தவசி சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடினார். “போடாத மாப்ள, நில்லு.”

என்ன இது என்று அதட்டிய நடுவரிடம், “அய்யா, இந்தப் பக்கம் ஆறு ஆணி அடிக்கல. என் தப்புதான்” என்றார்.

மூவாயிரம் பேர் ஏச ஏச, குனிந்து அடித்தார். பெருவிரலில் ஒரு அடி விழுந்தது. காளை அவரைப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு அவனுக்கு விக்கெட் விழவில்லை. ஆனாலும் மற்றவர்கள் விடாமல் வீழ்த்தி, கடைசி ஓவருக்கு இரண்டு ரன், ஒரு விக்கெட் என்று கொண்டுவந்தார்கள். பந்து காளையிடம். இரண்டு பந்துகள் வெறுமனே போயின. மூன்றாவது, மட்டையின் விளிம்பில் பட்டு விக்கெட் காப்பாளரைத் தாண்டி எல்லைக்கு ஓடியது. திருநெல்வேலி ஜெயித்தது.

மைதானம் காலியான பின் காளை வந்து நின்றான். “அந்த ரெண்டு விக்கெட்டும் என்னாலயா மச்சான், பாயாலயா?”

“ஸ்டம்ப் போனது உன்னுது. ரெண்டாவது பாயோடது.”

காளை குனிந்து பாயின் மறுமுனையைச் சுருட்டத் தொடங்கினான்.

மறு வருஷம் பாய் விரிக்கச் சங்கத்தில் தவசியைக் கூப்பிடவில்லை. சோழவந்தானில் ரைஸ் மில் வேலைக்குப் போனார். காளை இன்னும் இரண்டு வருஷம் மாவட்டத்துக்கு ஆடினான். அழகம்மாள் மட்டும், அந்த ஆட்டத்தைப் பற்றி யார் எடுத்தாலும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.