முதுகைத் தடவிப் பார்

ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் கூடத்தில் அவளுக்கு மூக்கி என்றுதான் பெயர். மூக்கு பெரிது என்பதற்காக அல்ல. வண்டியில் வந்து குவிகிற விரிப்புகளை ஒரு தடவை முகர்ந்தால் போதும், இது பிரசவ வார்டு, இது எலும்பு முறிவு, இது தீக்காயம் என்று பிரித்துப் போட்டுவிடுவாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். எழுத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்வது போலத்தான் இருக்கும் அவளுக்கு. ஆனால் அந்த மூக்கும் பத்து விரலும் இருக்கிற வரைக்கும் அவளை யாரும் அசைக்க முடியாது என்று கூடத்து மேஸ்திரியே சொல்லுவார்.

அந்த மூக்கை அவள் வீட்டிலும் சும்மா விடவில்லை. புருஷன் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைக் கட்டுகிறவர். அட்டைக்காரர் என்பார்கள். ஒரு காலத்தில் குடித்தார். குடித்தார் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. பெற்ற மகளே, "அப்பா இருக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன்" என்று வேறு ஊரில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் எப்படியோ நிறுத்தினார். நிறுத்தி ஒன்பது வருஷம். மகளும் வரப்போக இருக்கிறாள். இருந்தாலும் சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றினதும் மடிக்கிற சாக்கில் வாங்கி ஓர் இழுப்பு இழுத்துவிடுவாள் மூக்கி. பசை வாசனை, பழைய காகித வாசனை, வியர்வை. அவ்வளவுதான் என்று தெரிந்த பிறகே அடுப்பைப் பற்றவைப்பாள். அவருக்கும் இது தெரியும். தெரியாதவர் போலக் கை கழுவப் போய்விடுவார். சந்தேகமா பாசமா என்று கேட்டால், அவளிடம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மூக்குதான் இருந்தது.

அவர் குடியை விட்ட இடம் டயர் கடை மாடியில் ஓர் அறை. விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே கூடுவார்கள். அதைத் தொடங்கி வைத்தவர் ஒரு தையல்காரர். அவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் விட்டுப்போன டிரங்குப் பெட்டி மட்டும் அறையின் மூலையில் இருந்தது. உள்ளே கூட்டம் தொடங்க அடிக்கிற கைமணி, பழைய கடிதங்கள், ஆளாளுக்குக் கடைசியாகத் திறந்த பாட்டில் மூடிகள் நிறைந்த பிஸ்கட் டப்பா, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நீள நோட்டு.

அந்த நோட்டுதான் உயிர். குடிக்காமல் ஒரு நாளைக் கடத்தியவர் அடுத்த கூட்டத்துக்கு வந்து, தனக்கென்று ஒரு பக்கத்தில் தன் பெயரையும் அந்த நாளின் தேதியையும் "இன்று குடிக்கவில்லை" என்பதையும் தன் கையால் எழுதுவார். எழுதத் தெரியாதவர் விரலை உருட்டுவார். மறுபடி விழுந்துவிட்டால் அதே பக்கத்துக்கு வந்து, தான் எழுதியதைத் தன் கையாலேயே அடித்துவிட்டுக் கீழே புதிதாக எழுத வேண்டும். வேறு யாரும் அடிக்கக் கூடாது. தையல்காரரின் பக்கத்திலேயே நான்கு வரி அடித்திருந்தது. கை நடுங்கிக்கொண்டு புதிதாக வருகிறவர்களிடம் யாரும் பிரசங்கம் செய்வதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவார்கள். அட்டைக்காரரையும் நாற்காலியில் பிடித்து உட்கார வைத்தது அந்த நான்கு கோடுகள்தான்.

மேலே தண்ணீர்க் குழாய் உடைந்து, பூட்டிக் கிடந்த அறைக்குள் மூன்று நாள் ஒழுகியது. பெட்டியைத் திறந்தால் நோட்டு ஊறிப்போன ரொட்டி மாதிரி இருந்தது. அறைச் சாவியை வைத்திருக்கிற பஸ்காரர் அதைத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி இவர்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார். ஓட்டுநர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாரமான மனுஷன், அன்றைக்கு வாசற்படி ஏறவே மூச்சு வாங்கியது.

நூலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அட்டைக்காரர் ஜன்னலோரம் மேஜையைப் போட்டு, இரண்டு பக்கத்துக்கு நடுவே ஓர் ஒற்றுத்தாள் வைத்து, ஃபேன் போட்டுக் காயவைத்தார். நான்காம் நாள் காலையில் பார்த்தால் ஓரங்களில் சாம்பல் நிறத்தில் ரோமம் முளைத்திருந்தது. பூஞ்சணம். மூக்கி கதவிலேயே முகர்ந்துவிட்டாள்.

"இது நிக்காது. விட்டா ஒரே வாரத்துல நோட்ட தின்னுடும்" என்றார் அட்டைக்காரர். "ஸ்பிரிட்ல தொடைக்கணும்."

நோட்டைப் பார்க்க வந்திருந்த பஸ்காரர் நிமிர்ந்து மூக்கியைப் பார்த்தார். ஸ்பிரிட் என்றால் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற இடத்தில் தடவுவார்களே, அதேதான். அந்த வாசனைக்குத் தப்பித்துத்தான் மனுஷன் ஒன்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறார்.

"வேற ஆளுகிட்ட குடுத்தா?" என்றாள் மூக்கி.

"முடியாது தங்கச்சி. இதுல இருக்கிற பேரு எதுவும் வெளி ஆளு கண்ணுல படக்கூடாது. அப்படி வாக்கு குடுத்துத்தான் எழுத வெச்சோம். எங்க ஆளுங்கள்ல இந்த வேல தெரிஞ்சது இவன் ஒருத்தன்தான்" என்றார் பஸ்காரர்.

"நல்லா இருக்குண்ணே. தீப்பெட்டிய கையில குடுத்து வைக்கப்போர காவல் காக்கச் சொல்றீங்க."

"நான் பாத்துக்கறேன்மா" என்றார் அட்டைக்காரர். இந்த வார்த்தையைக் கேட்டால் அவளுக்கு ஆகாது. பழைய காலத்தில் தினமும் சொன்ன வார்த்தை.

மருந்துக் கடையிலிருந்து அவளே வாங்கி வந்தாள். இதைக் குடித்தால் கண் போய்விடும் என்று கடைக்காரர் பாட்டிலைக் காட்டிச் சொன்னார். ஸ்பிரிட் நிற்கிற மட்டத்தில் பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, பாட்டிலைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு சின்னக் கிண்ணம் நிறைய ஊற்றி மேஜையில் வைப்பாள். அன்றைய வேலைக்கு அவ்வளவுதான்.

முதல் நாள் அந்தக் கிண்ணத்தில் பதினொரு பக்கம் முடித்திருந்தார். சாயங்காலம் வழக்கம்போல் சட்டையை வாங்கி முகர்ந்தாள். தலை கிறுகிறுத்தது. சட்டை முழுக்க ஸ்பிரிட். கை, விரல், மேஜைத் துணி, ஜன்னல் திரை எல்லாம் அதே வாசனை. ஒன்பது வருஷமாக அவளைக் காப்பாற்றிய மூக்கு அன்றைக்குக் குருடாகிவிட்டது. சோற்றைப் பிசைந்தபடியே அவர் கண்களைப் பார்த்தாள், நடையைப் பார்த்தாள். எதை வைத்து என்ன சொல்வது?

இரண்டாம் நாள் வந்து பார்த்தபோது கிண்ணம் காலி. நான்கே நான்கு பக்கம்தான் ஆகியிருந்தது. காலிக் கிண்ணத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

"மிச்சம் எங்க?"

"ஃபேன் காத்துல பறந்துடும்மா. ஸ்பிரிட் என்ன கல்லா, வெச்ச எடத்துல இருக்க?"

"நேத்தும் இதே ஃபேன்தான் ஓடிச்சு."

"ஆஸ்பத்திரியில வேல செய்யறவ, உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

பறக்கும் என்பது அவளுக்கும் தெரியும். அதுதான் கொடுமை. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். நம்பினால் முட்டாளாவாள், நம்பாவிட்டால் பாவியாவாள். அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வாங்கி வந்த ரொட்டியை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்றார்கள்.

விடிந்ததும் பஸ்காரரை வரவழைத்தாள். "அண்ணே, நான் மூணு நாள் லீவு போட்டுட்டேன். நானே தொடைக்கிறேன். இவரு வெளிய உட்காந்து சொல்லட்டும்."

"பேரெல்லாம் இருக்கேம்மா..."

"எனக்கு என் பேரையே படிக்கத் தெரியாது. என்னவிட நம்பிக்கையான ஆள் எங்க தேடுவீங்க?"

பஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் சரிதான். முழு ரகசியம்" என்றார். அட்டைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

வேலை இதுதான். முதலில் மெல்லிய தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டிவிட வேண்டும். பிறகு பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்க வேண்டும். ஆனால் எல்லாப் பக்கத்தையும் துடைக்க முடியாது. பழைய மையில் எழுதினது ஸ்பிரிட்டுக்கு அசையாமல் நிற்கும். பால்பென்னில் எழுதினது கரைந்து ஓடிவிடும். எழுத்தைப் பார்த்து அவளுக்குத் தெரியாது என்பதால் அவர் ஒரு வழி சொன்னார். பால்பென்னை அழுத்தித்தான் எழுதுவார்கள். பக்கத்தைத் திருப்பிப் பின்புறம் தடவினால் மேடு தட்டும். மேடு இருந்தால் தூரிகையோடு விட்டுவிட வேண்டும். வழவழவென்று இருந்தால் துடைக்கலாம்.

"முதுகத் தடவிப் பாரு. மேடு இருக்கா?"

"இல்ல."

"தொட."

கொஞ்ச நேரம். "ஆச்சு. அடுத்தது."

"மேடு இருக்கா?"

"இருக்கு. யாரோ ஆணி வெச்சு எழுதின மாதிரி இருக்கு."

"அவன் கொத்தனாரு. விடு, தொடாத."

முதல் நாள் முழுக்க இதே பேச்சு. மதியத்துக்கு மேல் அவளுக்குப் பிடித்துக்கூடப் போனது. அட்டைக்காரர் தொடப் பயந்து விட்டுவைத்திருந்த தையல்காரரின் பக்கத்துக்கு வந்தபோது அவரே சொல்லிவிட்டார், "இது அவரோடது, மெதுவா." அடித்த நான்கு கோடுகளையும் அவள் விரலால் எண்ணிப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவளுக்கும் அடித்தது தெரிந்தது. ஒவ்வொரு கோடும் முந்தினதைவிடக் கோணலாக இருந்தது. பஞ்சை நனைக்கும் முன் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தைகூடக் கலங்காமல் அந்தப் பக்கம் சுத்தமானது. தானே பெற்றெடுத்த மாதிரி அவளுக்கு ஒரு பெருமை.

இரண்டாம் நாள் காலை, பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள்.

"அடுத்தது" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே சத்தமில்லை.

"என்னங்க, தூங்கிட்டீங்களா? அடுத்தது."

"ம். தொட."

கை பழகிப்போயிருந்தது. தொட என்றதும் துடைத்தது. ஓர் இழுப்பு, இரண்டு இழுப்பு. பஞ்சைத் திருப்பினால் நீலம். பக்கத்தில் இருந்த எறும்பு வரிசை முழுக்க நீலச் சேறாகக் குழைந்து ஓரத்துக்கு வழிந்துகொண்டிருந்தது.

"ஐயையோ!"

ஒற்றுத்தாளை எடுத்து அழுத்தினாள். இன்னும் பரவியது. யாரோ ஒருவன் செத்துப் பிழைத்து எழுதின நாளைத் தன் கை தின்றுவிட்டதே. பக்கத்தைத் திருப்பி முதுகைத் தடவினாள். மேடு. நன்றாக, வரிசை வரிசையாக மேடு.

அப்போதுதான் உறைத்தது. நேற்றிலிருந்து ஒரு பக்கம் விடாமல் கேட்ட மனுஷன், இதற்கு மட்டும் கேட்கவில்லை.

அவர் கதவருகே வந்து நின்றிருந்தார்.

"ஏங்க கேக்கல? மேடு இருக்கான்னு ஏன் கேக்கல? யாரு பக்கம் இது?"

"என்னோடது."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவர் பக்கங்களை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அடுத்தது தன்னுடையது என்று தெரிந்தேதான் தொட என்றிருக்கிறார்.

"முந்தாநாள் கிண்ணத்துல இருந்தது" என்றார் அட்டைக்காரர். "பறக்கல. ரெண்டு முழுங்கு."

"கண்ணு போயிடும்னு..."

"தெரியும்."

அவள் எழுந்து போய் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். "கண்ணு தெரியுதா? இது எத்தன விரல்?"

"மூணு."

"இது?"

"ஒண்ணு. தெரியுதும்மா."

தெரிகிறது என்று உறுதியான பிறகுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. வந்தது என்றால் அடிவயிற்றிலிருந்து வந்தது. "உங்க கையால அடிக்கணும்னுதான அந்தப் பக்கத்த வெச்சிருக்காங்க? அடிக்கத் தைரியம் இல்லாம, ஒம்பது வருஷத்த என் கையால தொடைக்க வெச்சீங்களா? நான் தெரியாம அழிச்சேன்னு காலம் பூரா அழுதுட்டுக் கெடக்கணும், நீங்க நல்லவரா எனக்கு ஆறுதல் சொல்லுவீங்க, அதான?"

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, சட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை. மகளுக்கு என்ன சொல்வது என்று நினைத்தாள். பெட்டியில் பூட்டியிருக்கிற பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றிவிடலாமா என்று நினைத்தாள். ஊற்றினால் மிச்சமிருக்கிற முப்பது நாற்பது பேருடைய நாட்களும் பூஞ்சணத்தோடு போய்விடும். நோட்டோடு சேர்த்து மனுஷனையும் கொளுத்திவிட்டால் என்ன என்றுகூட ஒரு நொடி தோன்றியது. பொய் சொல்வானேன், தோன்றியது.

வெகுநேரம் கழித்து மேஜைக்குப் போனாள். பக்கம் காய்ந்திருந்தது. நீலக் கறை, நடுவே ஒன்றுமில்லை. விரலை வைத்தாள். முன்பக்கம் பள்ளம் தட்டியது. மை போயிருந்தாலும் அவர் அன்றைக்கு அழுத்தின அழுத்தம் காகிதத்தில் அப்படியே இருந்தது.

"எந்திரிச்சு வாங்க."

வந்தார். அவர் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தின் மேல் வைத்தாள். "போகல, இங்கயே கெடக்கு. எனக்குப் படிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். எங்க ஆரம்பம், எங்க முடிவு, தடவிப் பாத்து அடிங்க."

"மாட்டேன்மா. முடியல."

"முடியலன்னா நின்னுட்டே இருங்க. நானும் நிக்கறேன். எனக்கு நாளைக்கும் லீவுதான்."

நின்றார்கள். அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பாள் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் பென்சிலை எடுத்தார். விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, கண்ணுக்குத் தெரியாத அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். நேராக வரவில்லை. அதன் கீழே எழுதினார். அதற்கும் நேரம் பிடித்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"பேரு, இன்னைக்குத் தேதி, 'இன்று குடிக்கவில்லை.'"

"இன்னைக்கு இன்னும் முடியலயே."

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"சரி, எழுதினது இருக்கட்டும். நாளைக்குக் காலைல என்னோட கண்ணு வார்டுக்கு வரீங்க. சாயங்காலம் பஸ்கார அண்ணன்கிட்ட உங்க வாயால சொல்றீங்க. நான் சொல்லமாட்டேன்." பெட்டியைத் திறந்து பாட்டிலின் மட்டத்தைப் பார்த்து, பிளாஸ்திரியை உரித்துக் கீழே இறக்கி ஒட்டினாள். "இப்ப வெளிய போய் உட்காருங்க."

அவர் நாற்காலிக்குப் போனார். அவள் புதுப் பஞ்சு எடுத்துப் பிழிந்துகொண்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டுக் காத்திருந்தாள். வெளியே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கேளுங்க" என்றாள். "நீங்க கேக்காம இனிமே ஒரு பக்கத்தையும் தொடமாட்டேன். அழுகிப் போனாலும் போகட்டும்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினார்.

"முதுகத் தடவிப் பாரு" என்றார். "மேடு இருக்கா?"