புழுக்களுக்கு நான் வைத்த பெயர்கள்

மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில் ஒரே ஒரு விளையாட்டுதான் இருந்தது. தொப்பி மாட்டிய புழுக்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, ஒரு சின்னத் தீவில் நின்றபடி முறை வைத்துக் குண்டு வீசிக்கொள்ளும். சாகும்போதுகூடக் கீச்சுக்குரலில் ஏதாவது கேலி பேசிவிட்டுத்தான் சாகும். தொண்டியிலேயே அதில் என்னை ஜெயிக்க ஆளில்லை என்று எனக்குத் திமிர். ஆடத் தெரிந்தவர்களே மூன்று பேர்தான் என்பது வேறு விஷயம்.

என் அணிக்கு வீட்டு ஆட்களையே பெயராக வைத்திருந்தேன். வாப்பா, உம்மா, வாப்பாவின் தம்பி சாச்சா, நான். சாச்சா புழு தீயில் கருகிய மறுநாள் நிஜச் சாச்சா கடையில் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டார். புழு கருகிய விஷயத்தைச் சொன்னதும் வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த ஆட்டத்தில் சாச்சாவை எடுத்துவிட்டு 'பாப்பா' என்று போட்டேன். உம்மாவுக்கு அப்போது ஆறு மாதம். பிள்ளை பிறந்து ஏழாம் நாள்தான் எங்களில் பெயர் வைப்பார்கள். திரையைப் பார்த்த மாமிக்கு முகம் சுண்டிவிட்டது.

"பொறக்காத புள்ளைக்கு என்னடி பேரு? அழிச்சுப்போடு."

பாப்பா என்பது பெயரே இல்லை என்று சட்டம் பேசினேன். அழிக்கவில்லை.

அந்த வாரமே உம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, இராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் ஆட்டம் பாதியில் நின்றது. ஆட்டம் நீண்டுபோனால் ஒவ்வொரு முறை முடிந்ததும் கடல் ஏறும். உம்மாவும் பாப்பாவும் தண்ணீரின் விளிம்பில் நின்றார்கள். ஒரு முறைக்கு ஒரு புழுவைத்தான் நகர்த்தலாம், மற்றது மூழ்கிவிடும். நான் எதையும் தொடாதவரை தண்ணீர் அங்கேயே நிற்கும். அதனால் தொடவில்லை, யாரையும் அணைக்கவும் விடவில்லை. கரண்ட் போய்விடக் கூடாதென்று அல்லாஹ்விடம் துஆ கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இரண்டும் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டும். ஆளில்லாத அறையிலிருந்து பாப்பா கொட்டாவி விடும் சத்தம் கேட்கும்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் வாப்பா மட்டும் பஸ் இறங்கி நேராக வீட்டுக்கு வந்தார். என் பின்னால் உட்கார்ந்து, இது என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் விளக்கினேன். திரையில் அந்த இரண்டு புழுக்களையும் விரலால் தொட்டார்.

"ரெண்டு பேரையும் காப்பாத்த ஏலாதாம்மா?"

"ஏலாது வாப்பா. ஒரு ஆளத்தான்."

"நீயா இருந்தா யார நகத்துவ?"

அதுவரை யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் பயமெல்லாம் பறந்துவிட்டது.

"உம்மாவுக்கு உயிரு எண்பது இருக்கு. பாப்பாவுக்குப் பத்துதான், எப்படியும் நிக்காது. உம்மாவத்தான் நகத்தணும்."

"நகத்து" என்றார்.

உம்மாவை மேட்டில் ஏற்றினேன். கடல் ஏறியது. பாப்பா கீச்சென்று 'பை பை' சொல்லிவிட்டு, குமிழி விட்டபடி கீழே போனது. வாப்பா என் தலையில் கை வைத்தார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். நான் வாசலில் நின்று, அவர் பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பாவுக்கே நான்தான் வழி சொன்னேன் என்று மாமியிடம் பீற்றிக்கொண்டேன்.

உம்மா வெறுங்கையோடு வந்தார். நான் வைத்த பெயர்தான் பிள்ளையைக் கொன்றது என்று பல வருஷம் நம்பி, யாரிடமும் சொல்லாமல் அழுதிருக்கிறேன்.

என் முதல் பிரசவத்தின்போதுதான் உம்மா அதைச் சொன்னார். அன்றைக்கே பிள்ளையை எடுத்தால்தான் தாய் பிழைப்பாள், எடுத்தால் பிள்ளை தங்காது என்று டாக்டர் தாளை நீட்டியிருக்கிறார். கையெழுத்துப் போட வாப்பாவுக்கு மனம் வரவில்லை. ஊருக்குப் போய்ப் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டு வருகிறேன் என்று கிளம்பினாராம்.

"பொழுது சாயுமுன்ன திரும்பி வந்துட்டாங்க. பெரியவங்க சொல்லிட்டாங்க, இனி யோசிக்க ஒன்னுமில்லன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்றார் உம்மா.

ஆலிம்சாவின் வீடு எங்கள் தெருவின் கடைசி வீடு. அன்று வாப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.