அவள் பெயரில் நிறைந்த இடம்

அந்தப் போட்டோ ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் ஊமச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் பேச வராதவள் இல்லை, பேசத் தயங்குபவள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு முதலில் அங்கே பெருக்கித் துடைக்கத்தான் வந்தாள். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்று பார்த்துப் பார்த்தே முகப்பருவை அழிக்கவும், கண்ணை மூடிக்கொண்ட மாப்பிள்ளைக்கு வேறு படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்து ஒட்டவும் பழகிக்கொண்டாள். இன்று வாசலோர நாற்காலி அவளுடையது. வீட்டில் அம்மாவும், காலேஜில் படிக்கும் தம்பியும் அவள் சம்பளத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஊரார் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டதையெல்லாம் பெரிதாக்கி வைத்து நாள் முழுக்க அழிக்கிற வேலை. அதில் அவளுக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. மவுஸைத் தொடும்போதுதான் வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் மவுஸ் பிசுபிசுவென்று இருக்கும். நாற்காலியில் யாரோ உட்கார்ந்து எழுந்த சூடு இருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் வேலையைத் தொடங்குவாள்.

அந்தக் கடையில் யாரும் கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சாப்பிடப் போவதில்லை. மூடித் திறந்தால் அது எழுந்து வருவதற்குள் பொழுது போய்விடும். அதனால் காலையில் அவரவர் பெயரையும் ரகசியச் சொல்லையும் கொடுத்துத் திறந்தால் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும். அவளும் அப்படியே போட்டுவிட்டுத்தான் பின்கட்டுக்குச் சாப்பிடப் போவாள்.

அன்று ஒரு பெரிய குடும்பப் படம். நாலு மணிக்கு வாங்க வருவார்கள். வேலையை முடித்துச் சேமிக்கப் போனபோது, சேமிக்க உங்களுக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டது என்று திரையில் பெட்டி ஒன்று குதித்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே பெட்டி.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே அளவுதான் குடுத்திருக்கு. உனக்கு மட்டும் எப்படித் தீரும்? சினிமாப் படம் ஏத்தி வச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"வாயில்லாத பூச்சின்னு நினைச்சேன். படம் குடுக்கறதுக்குள்ள எடத்தைக் காலி பண்ணு. இல்லைன்னா நாளைலேர்ந்து வராத."

ஆல்பம் ஒட்டுகிற அக்கா பசைக் கையோடு திரும்பிப் பார்த்தாள். "அவ டீக்கே சர்க்கரை கேக்கமாட்டா. அவளா எடத்தை அடைப்பா?" என்றாள். முதலாளி காதில் வாங்கவில்லை.

அவள் சர்வர்காரருக்குப் போன் போட்டாள். கடையின் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் அவர். கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னார். முதலில் கோட்டா என்று அடிக்கச் சொன்னார். அவளுக்கு ஒதுக்கிய அளவும், பிடித்திருக்கிற அளவும் ஒரே வரியில் வந்தன. விளிம்பு வரை நிறைந்திருந்தது. அடுத்து டி, யு என்று இரண்டே எழுத்து. எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்கிறது என்று அது சொல்லிவிடுமாம். அவளுடைய ஃபோல்டர்களைக் கூட்டினால் ஒதுக்கியதில் பாதிகூட வரவில்லை.

"அப்போ மீதி வேற எங்கயோ இருக்கும்மா. எந்த ஃபோல்டர்ல கிடந்தாலும், யார் பேர்ல உருவாச்சோ அவங்க கணக்குலதான் ஏறும். உங்க பேர்ல இருக்கறதை மொத்தமா தேடச் சொல்லலாம். நான் சொல்றதை அப்படியே அடிங்க."

அடித்தாள். வரிகள் சரசரவென்று ஓடின. எல்லோரும் புழங்குகிற பொது ஃபோல்டருக்குள், பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த ஒரு ஃபோல்டர். புள்ளி வைத்துவிட்டால் சாதாரணமாகப் பார்க்கிறவர் கண்ணில் படாது என்றார் சர்வர்காரர். உள்ளே இருந்ததெல்லாம் வீடியோ. ஒவ்வொன்றும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் உருவானது. ஒவ்வொன்றுக்கும் எதிரே உரிமையாளர் என்று அவள் பெயர்.

ஒன்றைத் திறந்தாள். ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. கீழே விழுந்த கைக்குட்டையை எடுக்க ஒருத்தி குனிகிறாள். கேமரா அவள் முகத்துக்குப் போகவில்லை. அந்தக் குனிதலை மட்டும் வெட்டி, மெதுவாக்கி, திரும்பத் திரும்ப ஓடும்படி ஒட்டியிருந்தது. அடுத்ததில் மாடிப்படி ஏறுகிறவள். இன்னொன்றில் காற்றில் விலகிய முந்தானையைச் சரிசெய்கிறவள்.

கடைக்காகக் கல்யாணங்களில் வீடியோ எடுக்கிற கேமராக்காரன் ஞாபகத்துக்கு வந்தான். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி மச்சான் என்று கூப்பிடுவதால் கடையில் எல்லோருக்குமே அவன் மச்சான்தான். அவனுக்கென்று தனி நாற்காலியோ கம்ப்யூட்டரோ கிடையாது. எப்போதும் கையில் எண்ணெய்ப் பலகாரப் பொட்டலம். இத்தனை நாள் துடைத்தது வெறும் எண்ணெய் என்று நினைத்திருந்தாள். மவுஸிலிருந்து கையை எடுத்து, புடவையில்கூடத் துடைக்கப் பிடிக்காமல், அந்தரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்கணும்னா நீங்கதான் அழிக்க முடியும்மா," என்றார் சர்வர்காரர், இங்கே நடப்பது தெரியாமல். "வேற யாராலயும் முடியாது. இல்லைன்னா நான் நேர்ல வரணும்."

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ஒன்றைப் பார்த்தார். இரண்டாவதையும் பார்த்தார். முகம் மாறவே இல்லை. ஜன்னல் கதவை மட்டும் சாத்தினார்.

"சின்னப் பையன் மாதிரி ஏதோ பண்ணித் தொலைச்சிருக்கான். அழிச்சுடு. எடமும் கெடைக்கும், உன் வேலையும் இருக்கும்."

மச்சான் பின்னால் வந்து நின்றான். பொட்டலம் இன்னும் கையில் இருந்தது. "யார்கிட்ட போய்ச் சொன்னாலும் இவ பேர்லதானே இருக்கு மாமா? ஊமச்சிக்குள்ள இவ்வளவு ஆசையான்னு சிரிப்பாங்க." சொல்லிவிட்டு விரலைச் சூப்பினான்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீடியோவின் சின்னப் படத்தில் பச்சை நிற மேஜை தெரிந்தது. பசை டப்பா தெரிந்தது. இந்தக் கடையேதான்.

"அக்கா, இங்க வாங்க," என்றாள். அவள் குரல் அத்தனை தூரம் போகும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

ஆல்பம் அக்கா வந்து பார்த்தாள். தன் முதுகைத் தானே கொஞ்ச நேரம் பார்த்தாள். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிறவள் இப்போது முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றி மூடிக்கொண்டாள்.

"அழின்னு சொல்றேன்ல," என்றார் முதலாளி.

"அழிக்கமாட்டேன் சார். என் பேர்லதானே இருக்கு. என்னோடதை நான் அழிக்கல." தன் பெயரிலிருந்து வெளியேறும் கட்டளையை அடித்தாள். ரகசியச் சொல் கேட்டபடி திரை நின்றது. சேமிக்காத குடும்பப் படம் அதோடு போயிற்று. அத்தனை பேருக்கும் அவள் திறந்துவைத்த கண்கள் போயின. அது மட்டும் அவளுக்கு வருத்தமாக இருந்தது.

முதலாளி சர்வர்காரருக்குப் போன் போட்டார். உடனே வந்து ஒரு ஃபோல்டரைத் தூக்கவேண்டும் என்றார்.

"அதுல என்ன இருக்குன்னு கேளுங்கண்ணே," என்று ஆல்பம் அக்கா போனுக்குக் கேட்கும்படி சொன்னாள். "என் முதுகு இருக்கு. ஊர்ல இருக்கற பொம்பளைங்க எல்லாரும் இருக்காங்க."

"அப்போ நான் அதைத் தொடமாட்டேன் சார்," என்று போனில் கேட்டது. முதலாளி போனைக் கீழே வைத்தார்.

அவள் பின்கட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மறுபடி கழுவினாள். விரலிடுக்கில் இன்னும் வழுக்குவது போலவே இருந்தது. சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டாள். ஆல்பம் அக்காவும் தன் பையை எடுத்தாள்.

"போலீஸுக்குத்தானே?"

"ஆமாக்கா."

"நீ பேசுவியா?"

"பேசணும். எம்பேராச்சே."

வாசலில் மச்சான் வழியை மறித்து நின்றான். பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றான் அவளைப் பார்த்து. "கொஞ்சம் யோசிங்கக்கா. நானும் உங்க தம்பி மாதிரிதானே."

இத்தனை வருஷத்தில் அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. அந்தச் சொல்லும் பிசுபிசுவென்று வந்து ஒட்டியது. அவன் சட்டை தன்மேல் உரசிவிடாமல் ஒதுங்கி, அவள் தெருவில் இறங்கினாள்.