ருக்குமணியம்மாளின் மகனிடம் நான் சொன்னது

ஒரு தாயிடமிருந்து அவள் மகனை மறைத்தவள் நான். ஒரு வீட்டுக்காக... ஓடு வேய்ந்த, இரண்டே அறைகள் கொண்ட, ஒரு பழைய வீட்டுக்காக!

உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். என் கணவருக்குக்கூடத் தெரியாது.

பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கம்பெனி கொடுத்த வரிசை வீட்டில், பிறந்தவள் நான். வேலை நின்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அந்த அச்சத்திலேயே என் தாய் ஆயுள் முழுதும் கொழுந்தெடுத்தாள். நான் பாலக்காட்டில் செவிலியானேன். பிறகும் வாடகை வீடுகள்தாம்.

அப்போதுதான் நகரின் நடுவே பதினைந்து சென்ட் மண், அதன் மூலையில் அந்தச் சிறு வீட்டோடு விலைக்கு வந்தது. கூரை ஒழுகியது. சுவர் விரிசல் விட்டிருந்தது. ஆனால் மண்! நான்கு பக்கமும் நம்முடையதாகப் போகும் மண்!

வீட்டுக்காரி ருக்குமணியம்மாளுக்கு அவள் கணவர் விட்டுச்சென்ற சொத்து அது. மகன் கதிரேசன், தகப்பனாரோடு சண்டையிட்டு வெளியேறிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அவன் கையெழுத்து இல்லாத பத்திரம் ஆபத்து என்று கட்டட நிறுவனத்தார் ஒதுங்கிவிட்டார்கள். எங்கள் சக்திக்குள் விலை வந்தது அதனால்தான். நாங்கள் துணிந்து வாங்கினோம்.

கோவையில் மகள் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, அந்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, எம்பையன் வந்தா இந்த ஊட்டுக்குத்தான் வருவான். அவனுக்கு வேற எடம் தெரியாது. வந்தான்னா இந்த நம்பரைக் குடு சாமி."

"கண்டிப்பா குடுப்பேம்மா," என்றேன். அன்று என் மனத்தில் கள்ளமில்லை. நம்புவீர்களா? நம்பாவிட்டாலும் குற்றமில்லை.

மூன்றாண்டுகள் கழித்து, ஒரு நண்பகலில் கதிரேசன் வந்தார். நான் தனியாக இருந்தேன். கேட்டுக்கு வெளியே நின்ற முகத்தைக் கண்டதுமே தெரிந்துவிட்டது. தாயின் கண்கள் அப்படியே!

"ஏனுங்க, இங்க ருக்குமணியம்மான்னு இருந்தாங்களே..."

"வித்துட்டுப் போயிட்டாங்க."

"எங்கீங்க போனாங்க? சுத்தியும் புது ஃபிளாட்டா இருக்குதுங்க. கேட்டா ஒருத்தருக்கும் தெரியலீங்க."

அக்கணம் என் நினைவுக்கு வந்தது எது? அந்தத் தாயின் முகமா? இல்லை! பத்திரம். புதிதாக மாற்றிய கூரை. மறுவாரம் தோட்டத்தை விட்டு எங்களோடு தங்க வரவிருந்த என் தாய்...

"தெரியாது," என்றேன்.

என் பயத்தை அவர் படித்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொத்துக்கு வரலீங்க. அம்மா உசுரோட இருக்காங்களா... அது மட்டும் சொல்லுங்க, போதும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. போங்க."

அலமாரியில், பத்தடி தூரத்தில், அந்த எண் இருந்தது!

வாளையாரில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை செய்வதாகச் சொன்னார். ஏதாவது தெரிந்தால் சொல்லியனுப்பும்படி கேட்டுக்கொண்டார். பிறகு கும்பிட்டார். என்னை!

ருக்குமணியம்மாள் மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைப்பாள். "ஆராச்சும் வந்தாங்களா கண்ணு?" அதுவரை நான் சொன்ன 'இல்லை' உண்மை. அதன்பின் சொன்னவை எல்லாம் பொய். இன்று சொல்லிவிடுவோம் என்று ஒவ்வொரு முறையும் எண்ணுவேன். 'அன்றே ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டுவிட்டால்? 'இல்லை' என்றே சொல்லி வைத்துவிடுவேன். முதல் பொய் வீட்டுக்காக. மற்றவை என் மானத்துக்காக... எவ்வளவு அற்பமான மானம்!

இதற்கிடையில் என் தாய் வந்து சேர்ந்தாள். கொல்லையில் மரவள்ளி நட்டாள். "நமக்குன்னு ஒரு மண்ணு கெடச்சிருச்சு தாயி," என்று பூரித்தாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் இயலவில்லை.

ஓராண்டுக்கு மேல் இப்படியே போனது. ஒரு நாள் ருக்குமணியம்மாளின் மகள் அழைத்தாள்.

"அம்மா போயிட்டாங்கக்கா. கடைசி வரைக்கும் உங்களுக்குப் போன் போடச் சொல்லிட்டே இருந்தாங்க."

மூன்றாம் நாள் வாளையாருக்குப் போனேன். எதற்கு? இனி எதைக் கொடுக்க? தெரியவில்லை... நெடுஞ்சாலையோரம் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு பட்டறைக்காரருக்கு நினைவிருந்தது.

"கதிரேசனுங்களா? அவரு போயி ரெண்டு மாசமாச்சுங்க. எங்கேன்னு சொல்லலீங்க. நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"சொந்தங்களா?"

"ஆமா," என்றேன். அங்கும் பொய்!

அவர் உள்ளே போய், வாயை முடிச்சிட்ட ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தார். "இது அவரு உட்டுட்டுப் போனதுங்க. நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க."

கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பை என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. பெருக்கும்போது நகர்த்துவேன்; மீண்டும் அங்கேயே வைப்பேன். இன்றுவரை அதன் முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.